ஆக்டேன் ஏறியது, மைலேஜ் இறங்கியது

"சாதாவா, பவரா?"

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினால் முதலில் வரும் கேள்வி இதுதான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாசில் தொங்கும். ஒன்றுக்கு லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல். பதில் சொல்ல யாரும் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. மாதக் கடைசி என்றால் சாதா. சம்பளம் வந்த வாரமாக இருந்தாலோ, வண்டி ஷோரூமிலிருந்து வந்து சில நாள்தான் ஆகிறது என்றாலோ, "பவரே போடுங்கண்ணே." விலை கூடிய பெட்ரோலில் சத்தும் கூடியிருக்கும், இன்ஜின் நன்றாக இழுக்கும் என்பது பலருடைய நம்பிக்கை. உதிரிபாகக் கடை அலமாரியில் செயின் ஸ்ப்ரேக்குப் பக்கத்தில் நிற்கும் 'ஆக்டேன் பூஸ்டர்' பாட்டில் விற்பதும் இந்த நம்பிக்கையை வைத்துத்தான்.

இந்த நம்பிக்கைக்கு அறிவியலில் இடம் இல்லை. ஆக்டேன் எண் பெட்ரோலின் பலத்தைச் சொல்வதில்லை. அந்த எண் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசரம் முன்பு இவ்வளவு இல்லை. இப்போது இருக்கிறது. 2023-லிருந்து 2025-க்குள் நம் சாதா பெட்ரோலின் ஆக்டேன் 91-லிருந்து 95-க்கு உயர்ந்துவிட்டது. பூஸ்டர் பாட்டிலுக்குக் காசு கொடுத்து வாங்க நினைத்த அந்த நாலு எண், யாரும் கேட்காமலேயே எல்லா டேங்குக்குள்ளும் வந்துவிட்டது. அதன் விலையையும் வண்டி ஓட்டுகிறவர் தெரியாமலேயே கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

நாக்கிங் எங்கே பிறக்கிறது?

நாலாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். பின்னால் இரண்டு பேர், முன்னால் ஒரு மூட்டை. மேம்பாலத்தின் ஏற்றம் வருகிறது. கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜினுக்குள்ளிருந்து 'கிணிங் கிணிங்' என்று, சிறு இரும்புக் குண்டுகள் உருள்வது மாதிரி ஒரு சத்தம் கேட்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது அதைத்தான்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பாகம் சுடுமே, அதே காரியம்தான் சிலிண்டருக்குள்ளும் நடக்கிறது. பிஸ்டன் மேலேறும்போது காற்றும் பெட்ரோலும் அமுங்கிச் சூடாகின்றன. சரியான நொடியில் ஸ்பார்க் பிளக் தீயை மூட்டுகிறது. தீ பிளக்கில் தொடங்கி ஓரத்தை நோக்கி வரிசையாகப் பரவ வேண்டும். ஆனால் தீ பரவப் பரவ, இன்னும் எரியாமல் ஓரத்தில் காத்திருக்கும் கலவை மேலும் அமுங்கி மேலும் சூடாகிறது. ஒரு கட்டத்தில் தீ வந்து சேருவதற்கு முன்பே தானாகப் பற்றி வெடிக்கிறது. அந்த அழுத்த அலை சுவர்களில் மோதுவதுதான் நாம் கேட்கும் சத்தம். எப்போதோ ஒரு முறை என்றால் பரவாயில்லை. நாள்தோறும் தொடர்ந்தால் பிஸ்டனின் தலையில் குழி விழும், ரிங் தங்கும் விளிம்பு உடையும், ஹெட் கேஸ்கெட் போகும்.

தானாகப் பற்றிக்கொள்ளாமல் தீ வரும்வரை தாக்குப்பிடிக்கும் குணத்துக்குத்தான் ஆக்டேன் எண் என்று பெயர். 1920-களின் பிற்பகுதியில் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் இந்த அளவுகோலை வகுத்தார். எளிதில் வெடித்துவிடும் ஹெப்டேனுக்கு 0. எளிதில் வெடிக்காத ஐசோ ஆக்டேனுக்கு 100. சோதனைக்கு வந்த பெட்ரோலை, அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினில் நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் ஓட்டுவார்கள். 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எந்த இடத்தில் நாக் செய்கிறதோ அதே இடத்தில் அதுவும் நாக் செய்தால், அதன் ஆர்ஓஎன் (ரிசர்ச் ஆக்டேன் எண்) 91. இந்தியாவிலும் இலங்கையிலும் ஐரோப்பாவிலும் இந்த எண்தான் வழக்கம். அமெரிக்காவில் இதையும் இன்னொரு கடுமையான சோதனையின் எண்ணையும் கூட்டிப் பாதியாக்கிப் போடுகிறார்கள். அதனால் அங்கே 87 என்று எழுதியிருப்பது நம் கணக்கில் ஏறத்தாழ 91, 92 வரும். அமெரிக்க யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு நம்மூர் பெட்ரோலை எடைபோடுகிறவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

இந்த வரையறையில் சக்தி என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டருக்குள் எவ்வளவு வெப்பம் அடங்கியிருக்கிறது என்பது முற்றிலும் வேறு கணக்கு.

ஒதுக்கப்பட்ட சாராயம்

பெட்ரோலில் எத்தனால் என்ற சாராயத்தைக் கலப்பது பற்றிய இன்றைய சண்டைக்கு நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு வேர் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் கெட்டரிங்கின் கீழ் வேலை பார்த்த தாமஸ் மிட்க்லி, நாக்கிங்கைத் தடுக்கும் பொருளைத் தேடி அலைந்தார். எத்தனால் அதைத் தடுக்கும் என்று அவருக்குத் தெரியும், சோதித்தும் பார்த்திருந்தார். ஆனால் பலன் தர அதை நிறையக் கலக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் காய்ச்சக்கூடிய சாராயத்துக்குக் காப்புரிமை வாங்கிக் காசு பார்க்கவும் முடியாது. 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் ஈயம் அவர் கைக்கு வந்தது. ஒரு கேலனுக்கு மூன்று கிராம் அளவில் கலந்தாலே நாக்கிங் அடங்கியது. 1923 பிப்ரவரியில் ஓஹையோ மாநிலம் டேட்டன் நகரில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது.

அடுத்த ஆண்டே நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் மனநிலை குலைந்து இறந்தார்கள். ஆபத்து இல்லை என்று காட்ட, பத்திரிகையாளர்கள் முன்னால் மிட்க்லி அந்தத் திரவத்தில் கையைக் கழுவிக் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு அவரே ஈய நஞ்சால் உடல் கெட்டு விடுப்பில் போய் வந்தவர். கொஞ்ச காலம் நிறுத்திவைத்த விற்பனை மறுபடி தொடங்கியது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயம் இல்லாத பெட்ரோல் 1995-இல்தான் எட்டிப் பார்த்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. ஒரு தலைமுறைக் குழந்தைகளின் மூளைக்குள் போன நஞ்சு அது. ஆக்டேன் எண்ணை மலிவாக ஏற்ற வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக நடந்தது. பூஸ்டர் பாட்டிலைக் கையில் எடுக்கிறவர்கள் இந்த வரலாற்றை ஒரு முறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஈயம் போன பிறகு எண்ணை வேறு வழியில் ஏற்ற வேண்டியிருந்தது. சுத்திகரிப்பு ஆலைகளில் பெட்ரோலின் மூலக்கூறுகளையே மாற்றி அடுக்கும் யூனிட்டுகள் வந்தன. பாரத் ஸ்டேஜ்-2 புகை விதி இருந்த காலத்தில் 88 ஆக இருந்த சாதா பெட்ரோலின் எண் பிறகு 91 ஆனது. அதற்கு மேல் 95 வரை தூக்கியது, மிட்க்லி ஒதுக்கிவைத்த அதே எத்தனால்.

யாருக்கு எந்த எண் தேவை?

வண்டிக்குத் தேவையான ஆக்டேனை முடிவு செய்வது பெரும்பாலும் அதன் கம்ப்ரஷன் விகிதம்தான். திருவொற்றியூரில் தயாரான பழைய இரும்பு பேரல் புல்லட்டுகளில் அது ஏறத்தாழ 6. எந்தப் பெட்ரோலைக் கொடுத்தாலும் குடித்துவிட்டு ஓடும். இப்போதைய கிளாசிக் 350-இல் 9.5. செஞ்சிக் கோட்டை அடிவாரத்திலும் மரக்காணம் உப்பளச் சாலையிலும் ஓடும் பெரும்பாலான 100, 125 சிசி வண்டிகள் 9-க்கும் 10-க்கும் பக்கத்தில்தான் இருக்கின்றன. இவை 91 ஆக்டேனை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. 95, 97, 100 என்று எதை ஊற்றினாலும் கூடுதலாக ஒரு துளி இழுவை வராது. காரணம் எளிது. இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நாக் சென்சார் கிடையாது. உயர்ந்த ஆக்டேன் வந்திருக்கிறது என்று இன்ஜினுக்குத் தெரிந்தால்தானே ஸ்பார்க்கை முன்னால் தள்ளி அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியும்?

11.6 விகிதம் கொண்ட யமஹா ஆர்15, 12-க்கு மேல் போகும் கேடிஎம் 390 மாதிரியான வண்டிகளின் கதை வேறு. சித்திரை வெயிலில் உளுந்தூர்பேட்டை வரை முழு வேகத்தில் விரட்டினால் அவற்றுக்கு உயர்ந்த எண் உண்மையிலேயே கைகொடுக்கும். கையேட்டில் என்ன எண் அச்சிட்டிருக்கிறதோ அதைப் போட்டால் போதும். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் அறிமுகப்படுத்திய 100 ஆக்டேன் பெட்ரோல், வந்தபோதே டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். மதுரா ஆலையில் தயாராகும் அது உயர்ரக வண்டிகளுக்கானது. அதை 100 சிசி வண்டிக்கு ஊற்றுவது பணத்தைப் புகையாக்குவது.

சாதாவும் இப்போது 95, பல பிரீமியம் பெட்ரோல்களும் 95 என்றால் கூடுதல் காசு எதற்கு? பிரீமியத்தில் வால்வையும் இன்ஜெக்டரையும் சுத்தமாக வைத்திருக்க உதவும் கழுவுபொருள்கள் கூடுதலாக இருக்கும். அவற்றுக்குப் பலன் இல்லாமல் இல்லை. ஆனால் மாதம் முழுக்க அதற்காகக் கூடுதல் காசு கொடுப்பது ஒரு சாதாரண வண்டிக்கு அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் வேளைக்கு மாற்ற அந்தப் பணம் உதவும்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

பூஸ்டர் பாட்டிலின் மேல் '30 பாயின்ட் ஏறும்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். 91, 121 ஆகிவிடும் போல என்று வாங்குகிறவர் நினைக்கிறார். அந்தத் தொழிலில் 10 பாயின்ட் சேர்ந்தால்தான் ஆக்டேன் எண் 1. ஆக 30 பாயின்ட் என்பது வெறும் 3 எண். அதுவும் எல்லாம் ஒத்துழைத்தால்.

ஒரு கணக்குப் போடுவோம். டொலுவீன் ஆக்டேன் கூடிய ஒரு கரைப்பான், கலவையில் அதன் மதிப்பு ஏறத்தாழ 120. பத்து லிட்டர் பிடிக்கும் டேங்கில் 95 ஆக்டேன் பெட்ரோல் இருக்கிறது. அதில் 100 மில்லி டொலுவீனை ஊற்றினால் எண் கால் பங்குதான் ஏறும். 95 என்பது 95.25 ஆகும். மூன்று எண் ஏற வேண்டுமென்றால் ஒன்றேகால் லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டும். அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் சின்ன பாட்டில்காரர்கள் உலோகத்தைத் தேடிப் போகிறார்கள். மாங்கனீசு கலந்த எம்எம்டி, இரும்பு கலந்த ஃபெரோசீன் இரண்டும் சொட்டளவிலேயே வேலை செய்யும். ஆனால் எரிந்த பிறகு உலோகம் எங்கே போகும்? பிளக்கின் முனையில் செங்கல் நிறத்தில் படியும். படிவு கெட்டியானால் ஸ்பார்க் வழிதவறி மிஸ்ஃபயர் ஆகும். சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை அடைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் பெட்ரோலில் மாங்கனீசை லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியிருப்பது சும்மா இல்லை. மாங்கனீசுப் புகை நரம்புக்கும் கேடு.

வீட்டு வைத்தியங்களும் உண்டு. கற்பூரம் போடு, பாச்சை உருண்டை போடு, மைலேஜ் கூடும் என்று சொல்லிக் கொடுக்கிற அண்ணன் ஒவ்வொரு டீக்கடையிலும் ஒருவர் இருக்கிறார். பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலீன் பெட்ரோலில் கரையும், எரியவும் எரியும். ஆனால் கரைந்தது கார்பரேட்டரின் ஜெட்டில் மறுபடி உறைந்து படிந்தால் வண்டி வழியில் நிற்கும். கற்பூரம் கரியைத்தான் கூட்டும். கரி படியப் படிய சிலிண்டருக்குள் இடம் குறைந்து கம்ப்ரஷன் ஏறும். எந்த நாக்கிங்கைப் போக்க நினைத்தாரோ, அதுவே அதிகமாகும்.

சத்தம் கேட்டால் பாட்டில் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. சேறு அப்பிய சிலிண்டர் ஃபின்களில் காற்று படாமல் இன்ஜின் காய்கிறதா? ஆயில் அடிமட்டத்துக்குப் போய்விட்டதா? விலை குறைவு என்று வேறு ரக பிளக் போட்டிருக்கிறார்களா? ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டி எத்தனை வருடமாகிறது? டைமிங் செயின் தளர்ந்தாலும் டேப்பட் இடைவெளி கூடினாலும் வரும் கடகடப்பை நாக்கிங் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். வேகம் குறைந்தால் கியரைக் குறைக்கும் பழக்கம் ஒன்று போதும், பாதி நாக்கிங் காணாமல் போகும்.

கலப்படம் ஒரு தனிக் காரணம். மண்ணெண்ணெயின் ஆக்டேன் பெட்ரோலைவிட மிக மிகக் குறைவு. கொஞ்சம் கலந்தாலே இன்ஜின் முனகும். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் ஏற்றியதே இதைக் கண்டுபிடிக்கத்தான். சந்தேகம் வந்தால் பங்க்கிலேயே வடிதாள் சோதனை கேட்கலாம். ஒரு சொட்டு பெட்ரோல் தாளில் ஆவியாகிப் போன பிறகு எண்ணெய்க் கறை மிஞ்சக் கூடாது. அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லலாம். டேங்கர் வந்தபோது பதிவான அடர்த்தியோடு அது ஒத்துப்போக வேண்டும். அளவில் சந்தேகம் என்றால் ஐந்து லிட்டர் முத்திரை அளவை இருக்கிறது. இவை யாரும் கெஞ்சிக் கேட்க வேண்டிய சலுகைகள் அல்ல, வாடிக்கையாளரின் உரிமை.

எல்லைப் பகுதிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. விழுப்புரத்திலிருந்து வளவனூர் தாண்டி மதகடிப்பட்டிலும், திண்டிவனத்திலிருந்து போனால் கோரிமேட்டிலும் டேங்கை நிரப்புகிற வழக்கம் வெகுகாலமாக இருக்கிறது. புதுச்சேரியில் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் வரி. தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே இந்தியத் தரநிர்ணயம்தான்.

கரும்புக் காட்டிலிருந்து டேங்குக்கு

விக்கிரவாண்டியைத் தாண்டி முண்டியம்பாக்கம் வரும்போது சர்க்கரை ஆலை கண்ணில் படும். பெரியசெவலையில் கூட்டுறவு ஆலை, செஞ்சிக்குப் பக்கத்தில் செம்மேடு ஆலை, தென்பெண்ணையைத் தாண்டினால் பாரி நிறுவனத்தின் பழம்பெரும் நெல்லிக்குப்பம். கரும்பு இந்த மண்ணின் பயிர். அரைவைக் காலத்தில் லாரிக்கும் டிராக்டருக்கும் நடுவில் பைக்குகள் புகுந்து போவதைத் தினமும் பார்க்கலாம். சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸிலிருந்து காய்ச்சும் எத்தனால்தான் பெட்ரோலில் கலக்கும் திட்டத்தின் தொடக்கம். 2003 ஜனவரியில் 5 சதவீதக் கலப்பு ஒன்பது மாநிலங்களில் தொடங்கியபோது தமிழ்நாடும் அதில் இருந்தது. பிறகு வெகுகாலம் ஊர்ந்தது. 2013-14-இல் நாடு முழுமைக்கும் சராசரி 1.5 சதவீதம்தான். 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் பிரதமர் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைத் தொடங்கிவைத்தார். 2030-க்கு என்று வைத்த 20 சதவீத இலக்கு 2025-லேயே வந்துவிட்டது. மொலாசஸ் போதாமல் மக்காச்சோளமும் அரிசியும் சேர்ந்துகொண்டன.

எத்தனாலின் ஆக்டேன் ஏறத்தாழ 108. அதனால் கலவையின் எண் ஏறுகிறது. இந்த அம்சத்தில் அரசு சொல்வது சரி. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் வெப்பம், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால் கலவையின் வெப்பம் மொத்தத்தில் ஆறு, ஏழு சதவீதம் குறையும். உயர்ந்த ஆக்டேனைப் பயன்படுத்தி, கம்ப்ரஷனைக் கூட்டி வடிவமைத்த இன்ஜினாக இருந்தால் இந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் கம்ப்ரஷனை யார் மாற்ற முடியும்? ஆக, ஏறிய எண் பழைய வண்டிக்குப் பயன்படாமல் கிடக்கிறது. இறங்கிய வெப்பம் மட்டும் மைலேஜில் தெரிகிறது.

நிதி ஆயோக்கின் நிபுணர் குழு 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கையே இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. இ10-க்குச் சரிசெய்யப்பட்ட பழைய வடிவ இருசக்கர வாகனங்களில் இ20-ஆல் எரிபொருள் திறன் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்பது அதன் மதிப்பீடு. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். தினமும் வேலைக்குப் போய்வரும் ஒருவர் மாதம் 25 நாளில் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். லிட்டருக்கு 60 கொடுக்கும் வண்டிக்கு மாதம் 33 லிட்டர் வேண்டும். அதில் 3, 4 சதவீதம் என்றால் ஒரு லிட்டருக்கும் கொஞ்சம் மேலே. மாதம் நூறு, நூற்று நாற்பது ரூபாய். பெரிய தொகையா என்று கேட்கலாம். திண்டிவனம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகிறவருக்கும், வீடு வீடாக உணவு கொண்டு கொடுக்கிற பையனுக்கும் அது பெரிய தொகைதான்.

மைலேஜைவிட எனக்குக் கவலை தருவது பழைய வண்டிகளின் உறுப்புகள். 2023 ஏப்ரலிலிருந்து வரும் வண்டிகளின் ரப்பரும் பிளாஸ்டிக்கும் இ20-ஐத் தாங்குபவை. அதற்கு முந்தைய வண்டிகளில் பெட்ரோல் பைப், கார்பரேட்டரின் வாஷர்கள், பம்ப்பின் சீல் எல்லாம் ஊறி விறைக்கவோ வெடிக்கவோ வாய்ப்பு உண்டு. எத்தனாலுக்குள் ஆக்சிஜன் இருப்பதால் கார்பரேட்டர் வண்டியில் கலவை மெலிந்து, இன்ஜின் சூடு கூடும். ஜெட்டைச் சரிபார்த்துக் கொடுக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு முறை காட்டுவது நல்லது. பெட்ரோல் பைப்பை மாற்ற ஆகும் செலவு சிறியது. ஒழுகினால் வரும் ஆபத்து பெரியது.

அடுத்தது தண்ணீர். பெட்ரோலோடு தண்ணீர் சேராது, எத்தனாலோடு சேரும். கொஞ்சம் ஈரத்தைக் கலவை உறிஞ்சிக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். இன்ஜினுக்குப் போவது அந்த அடிமட்டத் திரவம்தான். மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேனும் எத்தனால் போனதால் இறங்கிவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் தெருக்களில் நின்ற வண்டிகள் டேங்க் வரை மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. டேங்கை முழுக்க இறக்கி, காயவைத்து, கார்பரேட்டரின் கிண்ணத்தையும் வடித்துவிட்டுத்தான் புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். இதற்கு எந்த பூஸ்டரும் மருந்து இல்லை. மழைக்காலத்தில் டேங்க் மூடியின் ரப்பரைப் பார்த்துக்கொள்வதும், மாதக்கணக்கில் ஓட்டாமல் வைக்கும் வண்டியில் பெட்ரோலைத் தேக்கி வைக்காமல் இருப்பதும் இப்போது முன்னைவிட முக்கியம்.

நான் எத்தனாலுக்கு எதிரி அல்ல. இறக்குமதிக் கச்சா எண்ணெயைக் குறைக்க வேண்டும், கரும்பு போட்டவருக்கு நிலுவை இல்லாமல் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எத்தனாலுக்கென்றே வண்டி செய்ய முடியும் என்பதையும் நம் ஒசூர் நிறுவனமே காட்டியது. டிவிஎஸ் 2019 ஜூலையில் முழு எத்தனாலில் ஓடும் அப்பாச்சியை அறிமுகம் செய்தது. பிரேசிலில் ஹோண்டா 2009-லேயே எத்தனால், பெட்ரோல் இரண்டிலும் ஓடும் 150 சிசி வண்டியை விற்றது. ஆனால் பிரேசில்காரருக்கு இருக்கும் ஒன்று நமக்கு இல்லை. அங்கே பங்க்கில் முழு எத்தனாலும் தனியாக விற்கும், பெட்ரோலும் விற்கும். எத்தனாலின் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், இல்லையென்றால் பெட்ரோல் என்று ஓட்டுநரே மனக்கணக்குப் போட்டு முடிவு செய்கிறார். வெப்பம் குறைந்த பொருளுக்கு விலையும் குறைவு என்பது அங்கே எல்லோருக்கும் புரிந்த நியாயம்.

இங்கே அதே நிதி ஆயோக் அறிக்கை, வெப்ப இழப்பை ஈடுகட்ட இ10, இ20 பெட்ரோலுக்கு வரிச் சலுகை தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. கலப்பு வந்தது, சலுகை வரவில்லை. எத்தனாலின் சராசரிக் கொள்முதல் விலை லிட்டருக்கு 71 ரூபாயைத் தாண்டிவிட்டதால் பெட்ரோலைவிட அது மலிவு இல்லை என்பது அரசின் பதில். அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டாலும், வரி என்ற பெரிய பங்கு அரசுகளின் கையில்தானே இருக்கிறது? எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க வேண்டும், கலப்பு அளவைப் பங்க்கில் தெளிவாக எழுத வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. முதல் கோரிக்கையை நிறைவேற்ற ஒவ்வொரு பங்க்கிலும் தனித் தொட்டி வேண்டும். அது கடினம் என்று புரிகிறது. இரண்டாவதுக்கு வேண்டியது ஒரு ஸ்டிக்கர். இலங்கையில் பங்க்குக்குப் போகிறவர் "92 போடுங்க", "95 போடுங்க" என்று எண்ணைச் சொல்லித்தான் பெட்ரோல் கேட்கிறார். ஐரோப்பாவில் 2018 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு நாசிலிலும் வட்டத்துக்குள் இ5, இ10 என்று எழுதியிருக்கிறது. நம் பங்க்குகளில் பிரீமியம் பெட்ரோலின் எண் மட்டும் விளம்பரப் பலகையில் மின்னுகிறது. பெரும்பாலானவர்கள் வாங்குகிற சாதாவுக்கு எண்ணையும் எத்தனால் அளவையும் எல்லா நாசிலிலும் தமிழில் பளிச்சென்று எழுத வேண்டும்.

இ20-தான் 2026 அக்டோபர் 31 வரைக்குமான திட்டம் என்று பெட்ரோலியத் துறை 2025 ஆகஸ்டில் அறிவித்தது. அதற்கு மேல் எவ்வளவு என்ற பேச்சு தொடங்கிவிட்டது, 27 சதவீதம் என்ற எண்ணும் அடிபடுகிறது. அந்த முடிவை எடுப்பதற்கு முன், 2021-இல் பரிந்துரைத்த வரிச் சலுகையை முதலில் கொடுக்க வேண்டும். பழைய வண்டிகளுக்கு ரப்பர் உறுப்புகளை மலிவு விலையில் மாற்றித் தரும் பொறுப்பை வண்டி நிறுவனங்களும் எண்ணெய் நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும். விழுப்புரம் மாதிரி மாவட்டங்களில் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய வண்டிகளை நம்பிப் பிழைக்கிறவர்களின் எண்ணிக்கையை முதலில் கணக்கெடுத்துவிட்டு, பிறகு சதவீதத்தைப் பற்றிப் பேசட்டும்.